கதிரியல் பிரிவின் பேக்ஸ் அமைப்பு: அறிகுறியிலிருந்து கோளாறைக் கண்டறியும் வழிமுறை

ஸ்கேன் முடிந்துவிட்டது, ஆனால் கதிரியலாளரின் திரையில் படம் இல்லை என்று அழைப்பு வரும்போது, அதற்கான காரணம் தளர்ந்துபோன ஒரு கேபிளாகவும் இருக்கலாம், பழுதடைந்த சேமிப்பு வன்தட்டுகளாகவும் இருக்கலாம். ஸ்கேன் படங்களைச் சேமித்துத் திரைகளுக்கு அனுப்பும் பேக்ஸ் அமைப்பைப் பராமரிக்கும் தொழில்நுட்பர்களும் கணினிப் பிரிவினரும் அந்த நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளத் தக்கதாக இந்த வழிமுறையை எழுதியிருக்கிறேன். கண்ணில் படும் அறிகுறியே ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு. அதன் கீழ் செலவில்லாத சோதனைகள் முதலிலும், செலவு மிகுந்த காரணங்கள் பின்னாலும் வருகின்றன.

## எதையும் தொடுவதற்கு முன்

கோளாறு தீரும்வரை ஸ்கேன் கருவியின் உள் வன்தட்டிலிருந்து எந்தப் படத்தையும் அழிக்க வேண்டாம். பல கருவிகள் இடம் குறையும்போது பழைய பரிசோதனைகளைத் தாமாகவே அழித்துவிடும். பேக்ஸ் சில மணி நேரத்துக்கு மேல் செயலிழந்திருக்குமானால் அந்தத் தானியங்கி அழிப்பை நிறுத்துங்கள், அல்லது இன்னும் அனுப்பப்படாத பரிசோதனைகளைப் பூட்டி வையுங்கள். படம் காணவில்லை என்பதற்காக நோயாளியை மறுபடியும் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது, கருவி, இடைநிலை சர்வர், பேக்ஸ் ஆகிய மூன்றிலும் தேடிப் பார்த்த பிறகே யோசிக்க வேண்டியது. அவசர நோயாளி காத்திருந்தால் கதிரியலாளரைக் கருவியின் கன்சோலுக்கே அழைத்துப் படத்தைக் காட்டுங்கள். சிகிச்சை உங்கள் பழுதுபார்ப்புக்காகக் காத்திருக்கக் கூடாது.

சர்வரை மறுதொடக்கம் செய்வதற்கு முன் அதன் லாக் கோப்புகளை (நடந்தவற்றைச் சர்வர் பதிந்து வைக்கும் குறிப்புகளை) வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மறுதொடக்கம் பல நேரங்களில் அறிகுறியை மறையச் செய்துவிடும், அதோடு காரணத்தைச் சொல்லக்கூடிய தடயமும் போய்விடும். அதே கோளாறு அடுத்த வாரம் திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. பிறகு மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு கருவியில் மட்டும் நடக்கிறதா, எல்லாவற்றிலுமா, ஒரு நோயாளிக்கு மட்டுமா, எல்லோருக்குமா; கடைசியாகச் சரியாக இயங்கிய நேரம் எது; அதற்குப் பிறகு யார் எதை மாற்றினார்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கீழே உள்ள கிளைகளில் எதைப் பின்பற்ற வேண்டும் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

## அறிகுறி 1: கருவியிலிருந்து படம் பேக்ஸுக்குப் போகவில்லை

### 1அ. ஒரே ஒரு கருவியிலிருந்து எதுவும் போகவில்லை

முதலில் கேபிளையும் கருவிக்குப் பின்னுள்ள நெட்வொர்க் போர்ட்டின் விளக்கையும் பாருங்கள். நகரும் எக்ஸ்ரே கருவிகளிலும் அல்ட்ராசவுண்ட் கருவிகளிலும் கேபிள் அடிக்கடி கழற்றி மாட்டப்படுவதால், கவ்வி உடைந்த முனை மிகச் சாதாரணமான காரணம். விளக்கு எரிந்தால் கருவியின் அமைப்புப் பக்கத்திலிருந்து பேக்ஸ் சர்வரின் ஐ.பி. முகவரிக்குப் பிங் செய்து (பதில் வருகிறதா என்று சிறு நெட்வொர்க் செய்தி அனுப்பி) பாருங்கள், அதன் பிறகு டைகாம் எக்கோ சோதனையைச் செய்யுங்கள்; மருத்துவப் படங்களைப் பரிமாறும் தரநிலையான டைகாமில் இரு பக்கமும் பேச முடிகிறதா என்று அது பார்க்கும். பெரும்பாலான கன்சோல்களில் இதற்கென்று ஒரு பொத்தான் உண்டு.

பிங் தோற்றால் கோளாறு பெரும்பாலும் நெட்வொர்க்கில் இருக்கிறது. கருவியின் முகவரியை வேறொரு கணினி எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்: கருவியை அணைத்துவிட்டு, அதே முகவரிக்கு வேறு கணினியிலிருந்து பிங் செய்தால் பதில் வரக்கூடாது. வந்தால் முகவரி மோதல் இருக்கிறது. சில நேரம் படம் போகிறது, சில நேரம் போகவில்லை என்ற புகாருக்கு இது அடிக்கடி காரணமாகிறது. பிங்கைத் தடுத்து வைத்திருக்கும் ஃபயர்வால்களும் உண்டு என்பதால், பிங் தோற்றாலும் எக்கோவை ஒருமுறை முயன்று பார்த்துவிடுங்கள்.

பிங் வெற்றி, எக்கோ தோல்வி என்றால் சரிபார்க்க வேண்டியவை மூன்று: ஐ.பி. முகவரி, போர்ட் எண், ஏ.இ. டைட்டில் (டைகாமில் ஒவ்வொரு கருவியும் சர்வரும் தன்னை அடையாளம் காட்டும் பெயர்). டைகாமுக்கென ஒதுக்கப்பட்ட போர்ட்கள் 104, 11112; ஆனாலும் உங்கள் சர்வர் எதில் காத்திருக்கிறது என்பதை அதன் அமைப்பிலேயே பார்த்து உறுதி செய்யுங்கள். ஏ.இ. டைட்டில் அதிகபட்சம் 16 எழுத்து கொண்டது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பல சர்வர்கள் கண்டிப்பாகப் பார்க்கும். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தும், இணைப்புக் கோட்டுக்குப் பதில் அடிக்கோடும் தட்டச்சாகி இருப்பது கண்ணுக்கு எளிதில் படாது. ஒவ்வோர் எழுத்தாக ஒருவர் படிக்க, மற்றவர் ஒப்பிடுவதே நல்லது.

லாக்கில் இணைப்பு நிராகரிக்கப்பட்டதாகப் பதிவாகியிருந்தால், அதிலுள்ள காரண எண்ணே எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும். காரணம் 3 என்றால் அழைக்கும் ஏ.இ. டைட்டில், அதாவது கருவியின் பெயர், பேக்ஸின் அனுமதிப் பட்டியலில் இல்லை. காரணம் 7 என்றால் அழைக்கப்படும் பெயர் தவறு, அதாவது கருவியில் பேக்ஸின் பெயர் பிழையாகப் பதிவாகி இருக்கிறது. கருவியின் மென்பொருள் மேம்படுத்தப்பட்ட மறுநாள் தோன்றும் 3-ம் எண் நிராகரிப்பு, பெரும்பாலும் அந்த மேம்படுத்தலில் ஏ.இ. டைட்டில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதன் விளைவு.

குறியாக்கப்பட்ட இணைப்பைப் பயன்படுத்தும் இடங்களில் சான்றிதழின் காலாவதி நாளைப் பாருங்கள். நேற்று நள்ளிரவு வரை இயங்கியது, எவரும் எதையும் மாற்றவில்லை என்று எல்லோரும் உறுதியாகச் சொல்லும் கோளாறுகளில் சந்தேகிக்க வேண்டிய முதல் பொருள் அதுவே.

எல்லாம் சரியாகத் தெரிந்தும் எக்கோ தோற்றால், கட்டணமில்லாமல் கிடைக்கும் ஆர்தாங்க் போன்ற ஒரு டைகாம் சர்வரைத் தனிக் கணினியில் நிறுவிக் கருவியை அதற்கு அனுப்பச் சொல்லுங்கள். அதன் இயல்பான டைகாம் போர்ட் 4242. அங்கே படம் போய்ச் சேர்ந்தால் கருவி நன்றாக இருக்கிறது, கோளாறு பேக்ஸ் பக்கம். சேரவில்லை என்றால் கருவியின் நிறுவனப் பொறியாளரை அழைக்க வேண்டிய நேரம் இது. நோயாளிப் படங்களைப் பயன்படுத்தாமல், மாதிரிப் பொருளை வைத்து எடுத்த படத்தைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள், முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

### 1ஆ. எக்கோ வெற்றி, ஆனால் சில வகைப் படங்கள் மட்டும் போகவில்லை

எக்கோ இரு பக்கமும் பேசிக்கொள்கின்றன என்பதை மட்டுமே நிரூபிக்கிறது. படத்தை ஏற்றுக்கொள்ளும் திறன் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. ஒவ்வொரு பட வகைக்கும் டைகாமில் தனி அடையாளம் உண்டு. புதிய கருவிகள் பல படச் சட்டங்களை ஒரே கோப்பில் அடக்கும் விரிவாக்கப்பட்ட சி.டி., எம்.ஆர்.ஐ. வகைகளையும், மார்பக டோமோசிந்தசிஸ் (அடுக்கடுக்காகக் காட்டும் மார்பக எக்ஸ்ரே) வகையையும் அனுப்பும்போது, பழைய பேக்ஸ் அந்த வகையை அறியாததால் ஏற்க மறுக்கும். சாதாரண சி.டி. படங்கள் போகின்றன, குறிப்பிட்ட நெறிமுறையில் எடுத்தவையும் கதிர்வீச்சு அளவு அறிக்கையும் மட்டும் போகவில்லை என்றால் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி.

கருவியின் அமைப்பில் பழைய வகையில் அனுப்பும் தெரிவு இருந்தால் அதைத் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம். சுருக்க முறையும் இதைப்போலவே தடுக்கக்கூடும்: கருவி ஜேபெக் 2000 முறையில் மட்டும் அனுப்ப முயன்று, பேக்ஸ் அதை ஏற்காதிருந்தால், சுருக்கமில்லாத முறையைக் கருவியில் இயக்கிப் பாருங்கள். இரு நிறுவனங்களும் வெளியிடும் டைகாம் இணக்க அறிக்கைகளை அருகருகே வைத்துப் பட வகைகளின் பட்டியலை ஒப்பிட்டால், அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். பேக்ஸ் புதிய வகையை ஏற்காது என்பது உறுதியானால் மென்பொருள் மேம்படுத்தலே தீர்வு; அது நிறுவனத்தின் வேலை, அதற்குச் செலவும் ஆகும்.

### 1இ. தொடங்கிய பின் பாதியில் நிற்கிறது

வி.பி.என். (இணையத்தின் வழியே அமையும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக இணைந்த கிளைகளில் அடிக்கடி காணப்படும் அறிகுறி இது. எக்கோ போன்ற சிறு செய்திகள் கடந்துவிடும், படம் போன்ற பெரியவை நின்றுவிடும். பாக்கெட்டை, அதாவது நெட்வொர்க்கில் தரவு போகும் சிறு பொட்டலத்தை, பிரிக்கக் கூடாது என்ற தெரிவுடன் 1472 பைட் அளவில் பிங் செய்து பாருங்கள். 28 பைட் தலைப்பைச் சேர்த்தால் அது வழக்கமான 1500 ஆகும். இது தோற்று, 1300 போன்ற சிறிய அளவு வெற்றி பெற்றால், வழியில் எங்கோ பாக்கெட் அளவின் வரம்பு குறைவாக இருக்கிறது. அதை நெட்வொர்க் பொறியாளரிடம் இந்த எண்களோடு சொல்லுங்கள். இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் வேகச் சோதனை செய்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று பதில் வரும்.

உள் நெட்வொர்க்கிலேயே இப்படி நடந்தால் சேமிப்பில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். லாக்கில் ஏ7 என்று தொடங்கும் நிலைக் குறியீடு இருந்தால், பெறும் பக்கத்தில் இடமோ நினைவகமோ போதவில்லை என்று பொருள். நெட்வொர்க் ஸ்விட்ச் இணைப்பின் ஒரு முனை முழு இருவழியில் நிலையாக அமைக்கப்பட்டு, மறுமுனை தானாகத் தீர்மானிக்கும் நிலையில் விடப்பட்டிருந்தால், பெரிய அனுப்பல்கள் தள்ளாடும். போர்ட்டின் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது அதன் அடையாளம். இரு முனைகளையும் ஒரே விதமாக அமைத்தால் தீரும்.

### 1ஈ. எந்தக் கருவியிலிருந்தும் போகவில்லை

ஒவ்வொரு கருவியாகச் சோதித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சர்வரில் வட்டு நிறைந்திருக்கிறதா, பெறும் சேவை இயங்குகிறதா, தரவுத்தளம் இயங்குகிறதா என்ற வரிசையில் பாருங்கள். இயக்கமுறைமைப் புதுப்பிப்புக்குப் பிறகு சேவை தானாகத் தொடங்காமல் போவது அடிக்கடி நடக்கும். அதைத் தொடங்கினாலே போதும். வட்டு நிறைந்திருந்தால், இடம் உண்டாக்குவதற்காகப் படக் கோப்புறைகளுக்குள் நுழைந்து எந்தக் கோப்பையும் கையால் அழிக்கவோ நகர்த்தவோ கூடாது. தரவுத்தளம் அந்தக் கோப்புகள் இருக்கும் இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. நகர்த்திய கணத்திலிருந்து அவை பட்டியலில் தெரியும், திறக்க மட்டும் முடியாது. பழைய லாக்குகளை நகர்த்துவது பாதுகாப்பானது. தரவுத்தளம் எழவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி பேக்ஸ் நிறுவனத்தை அழையுங்கள்.

## அறிகுறி 2: கருவியில் ஒர்க்லிஸ்ட் வெறுமையாக இருக்கிறது

ஒர்க்லிஸ்ட் என்பது அன்று படமெடுக்க வேண்டிய நோயாளிகளின் பட்டியல். அது வராதபோது தொழில்நுட்பர் நோயாளி விவரத்தைக் கையால் தட்டச்சு செய்யத் தொடங்குவார். அறிகுறி 4-ல் வரும் பிழைகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆகவே இதைச் சிறு தொல்லை என்று ஒதுக்கிவிடாமல் உடனே கவனியுங்கள்.

முதல் சோதனை கருவியின் தேதியும் நேரமும். ஒர்க்லிஸ்ட் கேள்வி வழக்கமாக இன்றைய தேதியைக் கொண்டு கேட்கப்படுவதால், உள் மின்கலம் தீர்ந்து தேதி பின்னோக்கிப் போய்விட்ட கருவி இல்லாத நாளின் பட்டியலைக் கேட்டு வெறும் பதிலைப் பெறும். அடுத்து வடிகட்டிகள்: கருவி வகை, நிலையத்தின் ஏ.இ. டைட்டில், தேதி வரம்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள். வடிகட்டியைத் தளர்த்தியதும் பெயர்கள் தோன்றினால், கோரிக்கையைப் பதிவு செய்த இடத்தில் கருவி தவறாகத் தேர்வாகியிருக்கிறது.

எல்லாக் கருவிகளிலும் வெறுமை என்றால் பதிவு மென்பொருளுக்கும் ஒர்க்லிஸ்ட் சர்வருக்கும் இடையிலுள்ள எச்.எல்.7 இணைப்பை (மருத்துவமனை மென்பொருள்கள் செய்தி பரிமாறும் தரநிலையில் அமைந்தது) பாருங்கள். ஒரேயொரு பிழையான செய்தி வரிசையின் முதலில் நின்றுகொண்டு, பின்னால் வரும் எல்லாவற்றையும் தடுத்துவிடுவது வழக்கம். அந்தச் செய்தியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வரிசையை ஓடவிடலாம், ஆனால் தூக்கி எறியக் கூடாது. அதில் ஒரு நோயாளியின் கோரிக்கை இருக்கிறது. அவ்வாறு எடுத்து வைக்கும் அனுமதி உங்களிடம் இல்லையென்றால் இணைப்பைப் பராமரிப்பவரை அழையுங்கள்.

## அறிகுறி 3: கருவி அனுப்பிவிட்டதாகச் சொல்கிறது, திரையில் இல்லை அல்லது குறைவாக இருக்கிறது

நோயாளியின் பெயரால் தேடாமல் அக்சஷன் எண்ணாலும் (ஒவ்வொரு பரிசோதனைக் கோரிக்கைக்கும் தரப்படும் எண்) தேதியாலும் தேடுங்கள். பெயர் தவறாகப் பதிவாகியிருந்தால் பெயரால் தேடுவது உங்களை ஏமாற்றும். பார்க்கும் மென்பொருளின் வடிகட்டி, பயனரின் அனுமதி எல்லை ஆகியவற்றையும் வேறொருவரின் கணக்கில் நுழைந்து ஒப்பிடுங்கள். அதன்பின் சரிபார்க்கப்படாதவை என்றோ பொருந்தாதவை என்றோ பேக்ஸ் தனியே நிறுத்தி வைத்திருக்கும் வரிசையைத் திறங்கள். கோரிக்கையோடு பொருந்தாத பரிசோதனைகள் அங்கே காத்திருக்கும். காணாமல்போன படங்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கின்றன.

படங்கள் குறைவாக இருந்தால் கருவியில் ஒவ்வொரு படத் தொடரிலும் எத்தனை படம் இருக்கிறது, பேக்ஸில் எத்தனை இருக்கிறது என்று எழுதி ஒப்பிட்டு, குறையும் தொடரை மட்டும் மறுபடி அனுப்புங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தனித்த அடையாள எண் இருப்பதால், ஏற்கெனவே வந்தவை பெரும்பாலான அமைப்புகளில் இரட்டிப்பாகாது. மறுபடி அனுப்பியும் ஏற்கப்படவில்லை என்றால், முன்பு பேக்ஸில் நீக்கப்பட்ட பரிசோதனை மீண்டும் வருவதைத் தடுக்கும் குறிப்பு அங்கே இருக்கிறதா என்று நிர்வாகக் கணக்கில் பாருங்கள்.

இங்கே சேமிப்பு உறுதிமொழி என்ற வசதியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். படத்தை அனுப்பி முடித்தேன் என்று கருவி சொல்வதும், பாதுகாப்பாக வைத்துக்கொண்டேன் என்று பேக்ஸ் சொல்வதும் வெவ்வேறு செய்திகள். உறுதிமொழி இயக்கப்பட்டிருந்தால் கருவி இரண்டாவதைக் கேட்டுப் பெற்ற பிறகே தன் பிரதியை அழிக்கும். அந்தப் பதில் பல அமைப்புகளில் பேக்ஸிலிருந்து கருவியை நோக்கிப் புதிய இணைப்பாக வருகிறது. ஃபயர்வால் கருவியிலிருந்து பேக்ஸுக்குப் போகும் திசையை மட்டும் அனுமதித்திருந்தால் பதில் ஒருபோதும் வந்து சேராது. கருவியில் எல்லாப் பரிசோதனைகளும் உறுதிமொழி நிலுவையில் என்று குவிந்து கிடந்தால் எதிர்த்திசை விதியையும், கருவி காத்திருக்கும் போர்ட் எண்ணையும் பாருங்கள். தொல்லையாக இருக்கிறது என்று உறுதிமொழியையே அணைத்துவிடும் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். படம் தொலைந்துவிட்டது என்பதை வாரங்கள் கழித்து அறியும் நிலைமை பெரும்பாலும் அந்த ஒரு முடிவிலிருந்து வருகிறது.

## அறிகுறி 4: படம் வேறொருவரின் பெயரில் நிற்கிறது

மற்ற எல்லா அறிகுறிகளிலும் தாமதம்தான் ஆபத்து. இதில் தவறான சிகிச்சையே நேரலாம். முதல் வேலை, அந்தப் பரிசோதனையைக் கதிரியலாளர் அறிக்கைக்கு எடுக்காதபடி நிறுத்தி வைப்பதும், அறிக்கை ஏற்கெனவே போயிருந்தால் அதை எழுதியவருக்கும் சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கும் தொலைபேசியில் சொல்வதும். திருத்தம் அதன் பிறகு.

### 4அ. ஒர்க்லிஸ்டில் தவறான வரியைத் தேர்ந்தெடுத்தது

இதுவே மிக அடிக்கடி நிகழ்வது. படம் யாருடையது என்பதைத் தொழில்நுட்பர், கோரிக்கைச் சீட்டு, படத்தின் நேரம் ஆகிய மூன்றையும் கொண்டு உறுதி செய்யுங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டு எலும்பமைப்பு, பழைய அறுவைச் சிகிச்சையின் உலோகம் போன்ற அடையாளங்களைக் கதிரியலாளர் உறுதிப்படுத்துவது இன்னும் பாதுகாப்பு. திருத்தத்தைப் பேக்ஸின் நிர்வாகக் கருவியில் செய்யுங்கள், அங்கே யார் எப்போது மாற்றினார் என்ற பதிவு நிற்கும். கருவியிலும் அதே திருத்தத்தைச் செய்யாவிட்டால், பின்னர் யாரேனும் அங்கிருந்து மறுபடி அனுப்பும்போது பழைய பிழை திரும்பி வந்துவிடும்.

### 4ஆ. இருவரின் படங்கள் ஒரே பரிசோதனையில் கலந்துவிட்டன

முந்தைய நோயாளியின் பரிசோதனையை முடிக்காமலேயே அடுத்தவரை எடுத்துவிட்டால், இருவரின் தொடர்களும் ஒரே பரிசோதனை அடையாளத்தின் கீழ் வந்துவிடும். தொடர்களின் நேரத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் வசதி பேக்ஸில் இல்லையென்றால், தொடரைத் தனியே ஏற்றுமதி செய்து அடையாள எண்களைக் கையால் மாற்றும் முயற்சியில் இறங்க வேண்டாம், நிறுவனத்தை அழையுங்கள். அடையாள எண்ணில் நேரும் பிழை பின்னர் கண்டுபிடிக்க முடியாததாகிவிடும்.

### 4இ. ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள், அல்லது ஒரே எண்ணில் இரண்டு ஆட்கள்

பெயர் தெரியாத அவசர நோயாளியாகப் பதிவாகிப் பின்னர் அடையாளம் தெரிந்தவருக்கு இரண்டு எண்கள் இருக்கும். இதைப் பதிவு மென்பொருளில் இணைத்தால், ஏ40 என்ற எச்.எல்.7 செய்தி வழியாகப் பேக்ஸும் தானே இணைத்துக்கொள்ள வேண்டும். இணைக்கவில்லை என்றால் அந்தச் செய்தி வந்ததா என்று இணைப்பு லாக்கில் தேடுங்கள். பேக்ஸில் மட்டும் கையால் இணைத்தால் இரு அமைப்புகளும் வேறுபட்டு நிற்கும். ஒரே எண் இருவருக்கு வழங்கப்பட்டிருப்பது இதைவிடக் கடினம். பதிவுப் பிரிவு, கதிரியல் பிரிவு, நிறுவனப் பொறியாளர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்தே அதைத் தீர்க்க வேண்டும்.

## அறிகுறி 5: படம் மெதுவாகத் திறக்கிறது

### 5அ. ஒரு கணினியில் மட்டும்

அந்தக் கணினியை மறுதொடக்கம் செய்து, நினைவகப் பயன்பாட்டையும் தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தையும் பாருங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் உள்ளே வரும் ஒவ்வொரு படத்தையும் ஆராய்ந்துகொண்டிருந்தால், படத் தற்காலிகக் கோப்புறைக்கு விலக்கு அளிக்கலாமா என்று பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். பின்னர் நெட்வொர்க் வேகம் எவ்வளவில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு சி.டி. படம் 512 க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட் என்ற கணக்கில் ஏறக்குறைய அரை எம்.பி.; 1000 படம் கொண்ட பரிசோதனை 500 எம்.பி. அளவு வரும். 100 மெகாபிட் இணைப்பில் அது எல்லாம் சரியாக இருந்தாலும் 40 நொடியாவது எடுக்கும், கிகாபிட் இணைப்பில் 4 நொடியே போதும். கேபிளில் ஒரு கம்பி விட்டுப்போனால் கிகாபிட் இணைப்பு ஓசையின்றி 100-க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றினால் தீர்ந்தது.

### 5ஆ. எல்லோருக்கும், எப்போதும்

நேற்றிலிருந்து திடீரென்று மெதுவானதா, மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவானதா என்பதே இங்கே முதல் கேள்வி. கொஞ்சம் கொஞ்சமாக என்றால் தரவுத்தளப் பராமரிப்பு நின்றுபோயிருக்கிறது. பட்டியல் தோன்றவே நேரமாகும், திறந்த பிறகு படங்கள் வேகமாக வரும். திடீரென்று என்றால், பல வன்தட்டுகளை ஒன்றாகச் சேர்த்த ரெய்டு அடுக்கைப் பாருங்கள். வன்தட்டு ஒன்று பழுதாகி மறுகட்டமைப்பு நடந்துகொண்டிருக்கலாம். கட்டுப்பாட்டு அட்டையின் மின்கலம் வலுவிழந்ததால், எழுதும் தரவை இடைநினைவகத்தில் தேக்கி வைக்கும் முறை தானாக நின்றுபோயிருக்கவும் கூடும். வட்டுகள் எல்லாம் பச்சை விளக்கோடு இருக்க, எழுதும் வேகம் மட்டும் சரிந்துபோகும் இந்த நிலையைப் பலரும் கவனிப்பதில்லை. மின்கலம் மலிவானது, மாற்றுவதைச் சேவைப் பொறியாளரிடம் விடுங்கள்.

### 5இ. குறிப்பிட்ட நேரத்தில் மட்டும்

அந்த நேரத்தில் ஓடும் காப்புப் பிரதி, வைரஸ் ஆய்வு, பழைய படங்களை முன்கூட்டியே எடுத்து வைக்கும் பணி ஆகியவற்றின் அட்டவணையைப் பார்த்து நேரம் மாற்றுங்கள்.

## அறிகுறி 6: பழைய பரிசோதனை பட்டியலில் தெரிகிறது, திறக்கவில்லை

புதியவை திறந்து பழையவை மட்டும் திறக்கவில்லை என்றால் நீண்டகால ஆவணச் சேமிப்பு இணைக்கப்படவில்லை. நெட்வொர்க் சேமிப்பின் கடவுச்சொல் மாறியிருக்கலாம், நாடா நூலகத்தில் நாடா வெளியே எடுக்கப்பட்டிருக்கலாம்.

வேறொரு சர்வரிலிருந்து படத்தை நகர்த்தும் கோரிக்கை ஏ801 என்ற குறியீட்டோடு தோற்றால், படம் அனுப்ப வேண்டிய இடத்தின் ஏ.இ. டைட்டில் அந்தச் சர்வருக்குத் தெரியவில்லை. கேட்பவர் தன் முகவரியைச் சொல்லி அனுப்புவதில்லை, பெயரை மட்டுமே சொல்கிறார். அந்தப் பெயருக்கான ஐ.பி. முகவரியும் போர்ட்டும் அனுப்பும் சர்வரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். புதிய கணினி வாங்கியதும் தேடல் வெற்றி, எடுத்தல் தோல்வி என்று வரும் புகார் இதுதான்.

ஆவணச் சேமிப்பில் கோப்பு உண்மையிலேயே சிதைந்திருந்தால், காப்புப் பிரதியிலிருந்து மீட்கும் பணியைத் தொடங்கும் முன் நிறுவனத்தை அழையுங்கள்; அவசரத்தில் செய்யும் மீட்பு, நல்ல கோப்புகளின் மேல் பழையவற்றை எழுதிவிடக்கூடும்.

## அறிகுறி 7: படத்தின் தோற்றமோ அளவோ சரியில்லை

கறுப்பும் வெளுப்பும் தலைகீழாக இருந்தால், சிறிய மதிப்பு வெண்மையா கருமையா என்று சொல்லும் டைகாம் புலத்தைப் பார்க்கும் மென்பொருள் சரியாகப் படிக்கவில்லை, அல்லது கருவி அதைத் தவறாக எழுதியிருக்கிறது. அதே படத்தை வேறொரு பார்வை மென்பொருளில் திறந்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

எல்லாப் படமும் ஒரே மானிட்டரில் மட்டும் வெளிறித் தெரிந்தால் மானிட்டர் சோதனைக்கான கட்டப் படத்தைத் திறந்து, 5 சதவீதக் கட்டமும் 95 சதவீதக் கட்டமும் தத்தம் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகின்றனவா என்று அறை விளக்கைக் குறைத்துப் பாருங்கள். தெரியவில்லை என்றால் முதலில் அந்த மானிட்டரின் வெளிச்ச அமைப்பை யாரேனும் மாற்றினார்களா என்று பாருங்கள். அது இல்லையென்றால் டைகாமின் 14-ம் பகுதி வகுத்த சாம்பல்நிற அளவுகோலுக்கு மறுபடி அளவீடு செய்ய வேண்டும். அதற்கு ஒளிமானியும் பயிற்சி பெற்ற மருத்துவ இயற்பியலாளரோ பொறியாளரோ தேவை. அதுவரை அந்தத் திரையில் அறிக்கை எழுத வேண்டாம்.

நீள அளவு தவறாக வருவது கவனிக்கப்படாமலே போகக்கூடிய பிழை. எக்ஸ்ரே படங்களில் உணரியின் மேற்பரப்பில் உள்ள புள்ளி இடைவெளி ஒன்று, உருப்பெருக்கம் திருத்தப்பட்ட இடைவெளி மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனிப் புலங்கள் உண்டு. முதலாவதைக் கொண்டு அளந்தால் எலும்பு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். மூட்டு மாற்றுக்கான அளவெடுப்பில் இது நேரடியாகப் பாதிக்கும் என்பதால், அளவு தெரிந்த உலோகக் குண்டை உடலின் அருகே அதே உயரத்தில் வைத்து எடுத்த படத்தில் அளந்து சரிபாருங்கள்.

நோயாளியின் பெயர் கேள்விக்குறிகளாகவோ கட்டங்களாகவோ வந்தால் எழுத்துத் தொகுதிப் புலம் வெறுமையாகவோ தவறாகவோ இருக்கிறது. தமிழ் போன்ற எழுத்துகளுக்கு அந்தப் புலத்தில் ஐ.எஸ்.ஓ. ஐ.ஆர். 192 என்ற மதிப்பு, அதாவது யூ.டி.எஃப். 8, இருக்க வேண்டும். ஒர்க்லிஸ்ட் சர்வர், கருவி, பேக்ஸ் மூன்றும் அதை ஏற்க வேண்டும்; ஒன்று ஏற்காவிட்டாலும் அதைத் தாண்டும்போது பெயர் சிதையும்.

## அறிகுறி 8: சர்வரில் எச்சரிக்கை விளக்கு, அல்லது இனம்தெரியாத கோப்புகள்

ஒரு வன்தட்டில் மஞ்சள் அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், எந்த இடத்தில் உள்ள தட்டு என்று புகைப்படம் எடுத்துக்கொண்டு அன்றே சேவைப் பொறியாளரை அழையுங்கள். ரெய்டு 5 அமைப்பு ஒரு தட்டின் இழப்பையும், ரெய்டு 6 இரண்டின் இழப்பையும் தாங்கும். அதற்கு மேல் ஒன்று போனால் அடுக்கு முழுவதும் போகும். தவறான தட்டை வெளியே இழுப்பது, நன்றாக இருக்கும் ஒன்றையும் இழப்பதற்குச் சமம், ஆகவே நிச்சயமில்லாமல் எதையும் கழற்ற வேண்டாம்.

கோப்புகளின் பெயர்கள் மாறியிருந்தாலோ பணம் கேட்கும் குறிப்பு தோன்றினாலோ, உடனே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், ஆனால் மின்சாரத்தை அணைக்க வேண்டாம். நினைவகத்தில் உள்ள தடயங்கள் விசாரணைக்கு உதவக்கூடும். காப்புப் பிரதி வைத்திருக்கும் சாதனம் இணைந்திருந்தால் அதையும் பிரியுங்கள். பாதுகாப்புப் பொறுப்பாளரை அழைத்துவிட்டு, கருவிகள் தம் உள் வன்தட்டில் சேமித்தபடி தனித்தியங்கும் முறைக்கு மாறச் சொல்லுங்கள்.

## அறிகுறி 9: வெளியிலிருந்து வந்த குறுந்தகடு ஏறவில்லை

வேறொரு இயக்கியில் போட்டுப் பாருங்கள், தகட்டைத் துடைத்துப் பாருங்கள். தகட்டின் மேல்நிலைக் கோப்புறையில் டைகாம்டிர் என்ற அட்டவணைக் கோப்பு இல்லையென்றால், இறக்குமதி மென்பொருளில் கோப்புறையை நேரடியாகக் காட்டும் தெரிவைப் பயன்படுத்துங்கள். தகட்டோடு வரும் பார்வை மென்பொருளை மருத்துவமனைக் கணினியில் இயக்குவதைத் தவிர்த்து, பாதுகாப்பு ஆய்வு செய்யப்பட்ட தனிக் கணினியில் மட்டும் திறங்கள். ஏற்றும்போது வெளி நோயாளி எண்ணை உங்கள் எண்ணாக மாற்ற மறந்தால், அது வேறொருவரின் எண்ணோடு மோதக்கூடும்; ஏற்றியதும் பிறந்த தேதியை ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். தகடு படிக்கவே முடியாதபடி கீறியிருந்தால், மீட்பு மென்பொருளில் மணிக்கணக்கில் முயல்வதைவிட, எடுத்த இடத்திலிருந்து மறுபிரதி கேட்டுப் பெறுவதே விரைவு.